கேள்வி-பதில்: மரப்பட்டையில் காற்றின் கணக்கு

சென்ற இதழில், ஓர் அனல் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள மரங்களில் நாங்கள் லைக்கன் கணக்கெடுத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் அந்தச் சாம்பல் பச்சைத் திட்டுகளை வைத்தே, அங்கே காற்று எப்படி இருந்து வந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்பதுதான் அதன் சாரம். அதையொட்டி நிறையக் கடிதங்கள். ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதும் லைக்கனுக்கே. இருபத்தாறு வருடமாகக் கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு மரம் மரமாக நின்றிருக்கிறேன். மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் சில பதில்கள் நீளும்.

கேள்வி: லைக்கன் என்பது பாசியா, பூஞ்சையா? கல்பாசி, மரப்பாசி என்றெல்லாம் சொல்கிறோமே? (ஓர் ஆசிரியை)

இரண்டும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். உடம்பு பூஞ்சையுடையது. அதன் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே பச்சைப் பாசியோ, நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியாவோ ஓர் அடுக்காகக் குடியிருக்கும். பாசி வெயிலை வைத்து உணவு சமைக்கிறது. பூஞ்சை அதற்கு வீடும் நிழலும் ஈரமும் தருகிறது. அதனால் பாசி என்ற பெயர் பாதிதான் சரி. சைமன் ஸ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் இதை 1867-ல் சொன்னபோது, அன்றைய லைக்கன் நிபுணர்களே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு உயிர்கள் கூடி ஒரே உருவமாக வாழும் என்பது அவர்களுக்கு மனதில் படியவில்லை.

நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன், டீச்சர். காய்ந்து சாம்பலாகக் கிடக்கும் லைக்கன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, லென்ஸை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள். நனைந்த இடத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பச்சை பரவும். மேல்தோல் ஈரம் பட்டதும் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் பாசி கண்ணுக்குத் தெரிகிறது. அதுவரை தூங்கிக் கிடந்த உயிர் அந்தச் சில நிமிடங்களில்தான் வேலையைத் தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் போதும், பெயரே சொல்ல வேண்டாம். நனைந்தால் விழிக்கும், காய்ந்தால் தூங்கும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கேள்வி: காற்று மாசைப் பார்க்க மரத்தின் இலையே போதாதா? ஏன் லைக்கன்?

இலைக்கு மெழுகுப் பூச்சு உண்டு. திறந்து மூட இலைத்துளை உண்டு. மண்ணிலிருந்து உணவு அனுப்ப வேர் உண்டு. கெட்டுப்போன இலையை மரம் உதிர்த்தும் விடும். லைக்கனுக்கு இதில் ஒன்றுமே கிடையாது. மழை, பனி, தூசி என்று மேலே எது விழுகிறதோ அதுதான் அதன் உணவு. உடம்பு முழுக்கவே வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்வதும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் வகைகள் அதைவிடவும் மெதுவாக வளரும். அப்படியென்றால், உள்ளங்கை அகலத்துக்குப் பரவிய ஒரு லைக்கன் பல வருடக் காற்றை வாங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தால் வரும் கந்தக டை ஆக்சைடுதான் இதற்குப் பழைய எதிரி. நனைந்திருக்கும் லைக்கனில் அந்த வாயு கரைந்து அமிலமாகிறது. பாசியின் பச்சையம் தன் நடுவில் உள்ள மெக்னீசியத்தை இழந்து பழுப்பாகிவிடும். செல் சவ்வு பழுதாகி உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசியும். சமைக்கிறவர் படுத்துவிட்டால் குடித்தனம் எத்தனை நாள் ஓடும்? காய்ந்து தூங்கும்போது இதே வாயு வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆகவே பனி இறங்கிய விடியற்காலையில் தாழப் படியும் புகை, உச்சி வெயிலில் வரும் அதே அளவு புகையைவிட அதிகக் கேடு செய்யும்.

கேள்வி: இதை முதலில் கவனித்தவர் யார்?

இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சுற்றி லைக்கன்கள் குறைந்துகொண்டே வருவதை லியோ கிரிண்டன் 1859-லேயே எழுதி, புகையைக் காரணமாகச் சொன்னார். 1866-ல் பாரிசில் வில்லியம் நைலாண்டர், லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் இருக்கும் லைக்கன்கள் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்தார். காற்று எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று காட்டும் நுட்பமான கருவி இவை என்று அவர் எழுதியதுதான் எங்கள் துறைக்கே தொடக்கம். லைக்கன் இரட்டை உயிர் என்று ஸ்வெண்டனர் சொன்னதைக் கடைசிவரை எதிர்த்தவர்களில் இதே நைலாண்டரும் ஒருவர். இவ்வளவு கூர்மையான கண் உள்ளவருக்கு அது மட்டும் எப்படிப் பிடிபடாமல் போனது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அப்புறம் 1926-ல் ஸ்டாக்ஹோமில் செர்னாண்டர் நகரத்தை மூன்று வளையமாகப் பிரித்தார்: நடுவில் லைக்கனே இல்லாத பாலைவனம், அதைச் சுற்றிப் போராடும் வட்டம், அதற்கு வெளியே இயல்பான வட்டம். 1970-ல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து ஓர் அளவுகோலே செய்துவிட்டார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பட்டையில் எந்த லைக்கன் இருக்கிறது என்று பார்த்தால் குளிர்காலத்தில் அங்கே கந்தக டை ஆக்சைடு சராசரியாக எவ்வளவு என்று சொல்லலாம். கனமீட்டருக்கு 170 மைக்ரோகிராமைத் தாண்டினால், அடிமரத்தில் பச்சைத் தூள் போன்ற பாசி மட்டும்தான். பத்தாம் எண்ணுக்கு, அதாவது சுத்தமான காற்றுக்கு, போனால் லோபாரியா போன்ற அகன்ற இலை வடிவ லைக்கன்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதற்கும் பிறகு நடந்தது. லெகனோரா கோனிசாய்டிஸ் என்று ஒரு வகை. அமிலப் பட்டையையும் கந்தகத்தையும் தாங்கும். புகை மண்டிய காலத்தில் இங்கிலாந்து நகரங்களில் மரத்துக்கு மரம் அதுதான். கந்தகம் குறையக் குறைய அது தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அரிதாகிவிட்டது. லண்டனில் பல காலம் காணாமல் போயிருந்த மற்ற வகைகளோ 1980-களில் திரும்பி வந்தன. அதனால்தான் எத்தனை லைக்கன் இருக்கிறது என்று கேட்பவர்களிடம், எந்த லைக்கன் என்று முதலில் கேளுங்கள் என்பேன்.

கேள்வி: நான் அனல் மின் நிலையத்தில் வேலை செய்யும் பொறியாளர். எங்கள் புகைபோக்கியிலேயே கருவி பொருத்தியிருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் அளவு பதிவாகிறது. இதற்கு மேல் லைக்கன் என்ன சொல்லிவிடப் போகிறது, அம்மா?

நியாயமான கேள்வி, தம்பி. உங்கள் கருவி, வாயிலிருந்து என்ன வெளியே போகிறது என்று சொல்கிறது. அது எங்கே போய் இறங்குகிறது என்று சொல்வதில்லை. உயரமான புகைபோக்கியின் புகை அடியிலேயே இறங்காது. காற்றோடு போய்ச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். நாங்கள் கணக்கெடுத்த நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய மரங்களில் இலை வடிவ லைக்கன்கள் நன்றாகவே இருந்தன. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வண்டி ஏறியிருந்தால் எல்லாம் சரி என்று அறிக்கை எழுதியிருப்போம். காற்று வழக்கமாக வீசும் திசையில், ஒரு மேட்டின் முகத்தில் நின்ற மரங்களுக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. லைக்கனின் நுனிகள் வெளிறி, நடுவில் பழுப்பேறி, விரல் பட்டதும் பட்டையிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தது. அதே மரத்தின் மறுபக்கம், புகை நேராகப் படாத பக்கம், பச்சை மிச்சமிருந்தது. ஒரே மரத்தின் இரண்டு பக்கத்தை இப்படி வாசிக்க எந்தக் கருவியை எத்தனை இடத்தில் வைப்பீர்கள்? ஒரு கருவியின் செலவில் சில நூறு மரங்களைப் பார்த்துவிடலாம்.

அப்புறம், புகைபோக்கி வழியாக வராததும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டாவில், அதபாஸ்கா பகுதியில், தார் கலந்த மணலைத் தோண்டி எண்ணெய் எடுக்கிறார்கள். அங்கே மரங்களிலிருந்து ஹைப்போஜிம்னியா ஃபைசோடஸ் என்ற இலை வடிவ லைக்கனைப் பறித்து கந்தகம், நைட்ரஜன், உலோகங்கள் எல்லாவற்றையும் அளந்து வரைபடம் போடுகிறார்கள். சுரங்கங்களுக்கு அருகே அளவு கூடுதல், தள்ளிப் போகப் போகக் குறைவு. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத இன்னொன்று, அதில் நல்ல பங்கு தூசியாக வந்தது. மண் ஏற்றும் ராட்சத லாரிகள் ஓடும் சாலையின் தூசி, எண்ணெய் பிரித்தபின் மிஞ்சும் கரி போன்ற பெட்ரோலியக் கோக்கைக் குவித்து வைத்திருக்கிறார்களே, அதன் தூள். இதை எந்தப் புகைபோக்கிக் கருவியும் பிடிக்காது. உங்கள் நிலையத்திலும் நிலக்கரிக் குவியலும் சாம்பல் குளமும் இருக்குமே?

லைக்கனில் இருக்கும் உலோகம் வெறும் மண் தூசியா, புகையா என்று எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். மண்ணில் தாராளமாக இருக்கும் அலுமினியத்தையோ டைட்டானியத்தையோ அளவுகோலாக வைத்துக்கொள்வோம். அதனோடு ஒப்பிட்டால் மண்ணில் இருக்கும் விகிதத்தில்தான் மற்ற உலோகமும் இருக்கிறது என்றால் அது மண். விகிதம் பல மடங்கு எகிறினால் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. ஈயம், கந்தகம் போன்றவற்றில் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதமும் கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. கந்தகம் நீக்கும் கருவி பொருத்தியிருந்தால் அதன் பலனையும் லைக்கனில் பார்க்கலாம். திரும்பி வரும் முதல் குருத்துகள் உளுந்து அளவுகூட இருக்காது. அதைக் கண்டுபிடிக்கும் நாளில் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: எரிவாயுக் கிணறுகள் தோண்டும் இடத்தில் பெரிய புகைபோக்கி எதுவும் இல்லை. லைக்கனும் முன்பைவிட அதிகமாக, மஞ்சள் மஞ்சளாகப் படர்ந்திருக்கிறது. அப்படியானால் காற்று சுத்தம்தானே?

இல்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னைக் கொஞ்சம் கவலைப்படுத்தியது இதுதான்.

கிணறு தோண்டும் இயந்திரம், வாயுவை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர், ராப்பகலாக ஓடும் டீசல் ஜெனரேட்டர், வந்து போகும் லாரிகள். ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் நைட்ரஜன் ஆக்சைடு வருகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயுவைக் கொளுத்திவிட்டால் கந்தக டை ஆக்சைடும் சேரும். நைட்ரஜன் உரம் இல்லையா? லைக்கன்களில் சில வகைக்கு அது விருந்து, சில வகைக்கு விஷம். சாந்தோரியா பாரியடினா என்ற மஞ்சள்-ஆரஞ்சு நிற வகையும், பிசியா போன்றவையும் நைட்ரஜன் கூடக்கூடச் செழிக்கும். தாடி போலத் தொங்கும் அஸ்னியா போன்றவை, கொஞ்சம் கூடினாலே விலகிவிடும். மரம் பார்வைக்கு நிறைவாக இருக்கும். ஆனால் குடியிருப்பவர்களே மாறியிருப்பார்கள்.

எவ்வளவு கூடினால் என்று கேட்டால், கலிஃபோர்னியாவின் ஊசியிலைக் காடுகளில் ஒரு வருடத்தில் ஹெக்டேருக்கு 3.1 கிலோ நைட்ரஜன் படிவதே லைக்கன் சமூகம் மாறத் தொடங்கும் எல்லை என்று 2008-ல் கணக்கிட்டார்கள். பத்தாயிரம் சதுர மீட்டரில் மூன்று கிலோ என்றால், ஒரு சதுர மீட்டருக்கு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக வராது. வேறெந்தச் செடியும் கவனிக்காத அளவு அது. அமெரிக்காவின் வயோமிங்கில் பைன்டேல் ஆன்டிக்ளைன், ஜோனா என்று இரண்டு பெரிய எரிவாயு வயல்கள் இருக்கின்றன. ஆள் நடமாட்டம் குறைந்த மேய்ச்சல் நிலம். நைட்ரஜன் ஆக்சைடு போன்ற வாயுக்களிலிருந்து வெயிலில் உண்டாகும் ஓசோன், 2008 குளிர்காலத்தில் அங்கே பெருநகரங்களை நினைவூட்டும் அளவுக்கு ஏறியது. பக்கத்து மலைக்காடுகளில் நைட்ரஜன் படிவதைக் கண்காணிக்க வனத்துறையினர் லைக்கன்களையும் பயன்படுத்துகிறார்கள். புகைபோக்கி இல்லை என்பதால் மாசு இல்லை என்று ஆகாது.

ஆனால் அவசரப்பட்டு எரிவாயுவின் மேல் பழி போடவும் வேண்டாம். அருகே கால்நடைப் பண்ணை இருந்தால் அமோனியா வரும். அதற்கும் இதே மஞ்சள்தான். சுண்ணாம்புத் தூசி பட்டையில் படிந்து அமிலத்தைக் குறைத்தாலும் இதே மஞ்சள்தான். கிணற்றுப் பக்கம், பண்ணைப் பக்கம், சாலைப் பக்கம் என்று தனித்தனி வரிசையாக மரங்களைப் பாருங்கள். எந்தப் பக்கம் நெருங்க நெருங்க மஞ்சள் கூடுகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. அந்த மஞ்சள் சாந்தோரியாதானா என்று உறுதி செய்ய, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு வைத்தால் பளிச்சென்று கருஞ்சிவப்பாக மாறும். தோலில் படாமல் கையுறையோடு செய்யுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். முறைப்படி கணக்கெடுப்பது எப்படி, மேடம்?

ஐரோப்பாவில் 2014 முதல் இதற்கென்று ஒரு தர விதியே இருக்கிறது. நாங்களும் அந்த முறையில்தான் செய்கிறோம். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டம் ஐந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏணி போல ஒரு சட்டம். கம்பியிலோ நூலிலோ நீயே கட்டிக்கொள்ளலாம். கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வரும்படி மரத்தின் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு நான்கு பக்கமும் வைக்க வேண்டும். ஒவ்வொரு வகை லைக்கனும் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எழுது. பரப்பு முக்கியமில்லை, எத்தனை கட்டம் என்பதுதான். கூட்டினால் அந்த மரத்தின் எண் கிடைக்கும், பல மரங்களின் சராசரி அந்த இடத்தின் எண்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரே இன மரம், ஏறக்குறைய ஒரே பருமன், சாயாமல் நேராக நிற்பது, பட்டை உரியாதது, யாரும் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்காதது. ஒரே இனம் என்பதை நான் அடிக்கோடிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் கணக்கெடுப்பில் ஆலைக்கு அருகே ஓர் இன மரத்தையும் தொலைவில் வேறோர் இன மரத்தையும் எடுத்தேன். கிடைத்தது அவைதான் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பெரிய வித்தியாசம் வந்தது. பிறகு பட்டையின் அமிலத்தன்மையை அளந்தபோது, ஒன்று நல்ல அமிலம், மற்றது கிட்டத்தட்ட நடுநிலை. நான் அளந்தது புகையை அல்ல, பட்டையை. ஒரு வருட உழைப்பு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். வித்தியாசம் பெரிதாக வந்தாலே இன்றும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

லைக்கனே இல்லாத இடமானால், சுத்தமான காட்டிலிருந்து எடுத்து நைலான் வலைப்பையில் போட்டுச் சில வாரமோ மூன்று மாதமோ தொங்கவிட்டுப் பார்க்கலாம். இர்வின் புரோடோ 1961-ல் பட்டையோடு வட்டமாக வெட்டி இடம் மாற்றி வைத்துப் பார்த்ததிலிருந்து வளர்ந்த முறை இது. திரும்ப எடுத்துப் பச்சையம் சிதைந்திருக்கிறதா என்று கரைத்துப் பார்ப்போம். ஒளிமானியில் 435, 415 நானோமீட்டர் அலைநீளங்களில் வரும் அளவுகளின் விகிதம் நல்ல லைக்கனில் சுமார் 1.4 இருக்கும். பச்சையம் சிதையச் சிதைய அது இறங்கும்.

கேள்வி: லைக்கன் படர்ந்தால் மரம் பட்டுப்போகுமா? சுரண்டிவிடலாமா?

பட்டுப்போகாது. அது மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. தயவுசெய்து சுரண்டாதீர்கள்.

கேள்வி: புவிவெப்ப மின்சாரம், அணு மின்சாரம் இவற்றில் புகை இல்லையே, லைக்கனுக்கு அங்கே என்ன வேலை?

இத்தாலியில் அமியாட்டா மலையில் புவிவெப்ப மின் நிலையங்கள் இருக்கின்றன. பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் பாதரசமும் வருகின்றன; சுற்றியுள்ள மரங்களின் லைக்கனில் பாதரசத்தை அளந்து பார்த்தார்கள். அந்த மலையில் முன்பு பாதரசச் சுரங்கமும் இருந்தது என்பதால், எது நிலையத்தினுடையது, எது பழைய சுரங்கத்தினுடையது என்று பிரித்துச் சொல்லவே தனி உழைப்பு தேவைப்பட்டது.

அணு உலையைப் பொறுத்தவரை 1986 செர்னோபில் விபத்து. காற்றோடு போன சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் ஸ்வீடன், நார்வே மலைகளில் மழையாக இறங்கியது. தரையில் மெத்தை போல வளரும் லைக்கன் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. குளிர்காலம் முழுவதும் அதைத்தான் கலைமான்கள் மேயும். கலைமான்களை நம்பி வாழும், சாமி (Sámi) எனப்படும் வட ஐரோப்பியப் பழங்குடி மக்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் வாழ்வாதாரமே ஆட்டம் கண்டது. இறைச்சியை டன் கணக்கில் ஒதுக்க வேண்டி வந்தது. இரு நாடுகளும் கலைமான் இறைச்சிக்கான சீசிய வரம்பையே உயர்த்தின: நார்வே கிலோவுக்கு 6,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), ஸ்வீடன் 1,500. சீசியம்-137 பாதியாகக் குறையவே முப்பது வருடம் ஆகும். இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: லைக்கன் செத்த இடத்தில் மனிதருக்கும் கேடு என்று எடுத்துக்கொள்ளலாமா? இதை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்குமா?

இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் லைக்கன் வகைகள் குறைந்திருந்த இடங்களிலேயே நுரையீரல் புற்றுநோய் மரணங்களும் கூடுதலாக இருந்ததை சிஸ்லாகி, நிமிஸ் இருவரும் 1997-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். இரண்டு வரைபடங்களும் ஒத்துப்போயின என்பதுதான் அதன் பொருள். லைக்கன் போனதால் நோய் வந்தது என்றோ, உங்கள் தெருவில் லைக்கன் இல்லாததால் உங்களுக்கு வரும் என்றோ பொருள் இல்லை.

புகார் விஷயத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். சட்டம் கேட்பது ஒரு மணி நேரத்தில், ஒரு நாளில் எத்தனை மைக்ரோகிராம் என்று. லைக்கனுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அது பல மாதங்களைக் கூட்டித்தான் பேசும். மீத்தேன் கசிவையோ கார்பன் டை ஆக்சைடையோ அதனிடம் கேட்கவும் முடியாது. ஆனால், இந்த மேட்டில், இந்தத் திசையில் கருவியை வையுங்கள் என்று கேட்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் நான் பார்த்ததில்லை. கணக்கெடுப்பை இணைத்து, கருவி வைக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் அடுத்த வருடம் மின் நிலையம் வரப்போகிறது என்கிறார்கள். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

இப்போதே. இன்றைக்கே என்றாலும் சரிதான்.

சென்ற இதழில் இடமில்லாமல் விட்டுப்போனதை இங்கே சொல்கிறேன். எங்களை அந்த நிலையத்துக்குக் கூப்பிட்டபோது அது ஓடத் தொடங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. மேட்டு மரங்களின் நிலையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னோம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நிலையம் வருவதற்கு முன்னாலும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லை என்று காட்ட முடியுமா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பழைய கணக்கு எதுவுமே யாரிடமும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் பேஸ்லைன் என்போம். அது இல்லையென்றால் மரத்தின் முன்னால் நின்றுகொண்டு ஊகம்தான் செய்ய முடியும்.

அன்று மாலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு குரூப் போட்டோ கொண்டுவந்தார். நிலையம் வருவதற்கு முன், அந்த மேட்டில் ஒரு மரத்தடியில் பிள்ளைகளை நிற்கவைத்து எடுத்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் தலைக்கு மேலே அடிமரம் முழுக்க வெளிறிய வட்டத் திட்டுகள், ஒன்றோடொன்று விளிம்பு தொட்டு. கிளையொன்றிலிருந்து ஒரு கொத்துத் தாடி போலத் தொங்கியது. அதே மரத்தில் அன்று காலைதான் நான் சட்டம் வைத்து, இருபது கட்டத்திலும் சேர்த்து இரண்டே வகையை எழுதியிருந்தேன். படத்தில் எத்தனை வகை என்று எண்ண முடியாது, பெயர் சொல்லவும் முடியாது. ஆனாலும் எங்களிடம் இருந்த ஒரே பழைய கணக்கு அதுதான். பின்பக்கத்தில் அவர் தேதி எழுதி வைத்திருந்தார். அறிக்கையில் அந்தப் படத்தைச் சேர்த்தோம்.

ஆகவே இருபது முப்பது மரங்களைத் தேர்ந்தெடுங்கள். பாதி, காற்று வீசப்போகும் திசையில். மீதி, எதிர்த்திசையில், ஒப்பிடுவதற்காக. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, செல்போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஓர் அடிஸ்கேலும் வெள்ளை அட்டையும் படத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் அளவும் நிறமும் பின்னால் தெரியாது. லைக்கன் காய்ந்திருக்கும் நாளில் எடுங்கள். நனைந்தால் நிறம் மாறிவிடும் என்று முதலிலேயே சொன்னேன். மரத்துக்கு ஒரு சிறு துண்டு போதும், பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உறையின் மேல் மர எண், பக்கம், தேதி. அடுத்த முறை அதே பருவத்தில், அதே மரங்களில், அதே உயரத்தில்.

வகைகளின் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். படங்களையும் மர எண்களையும் இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், நான் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதித் தருகிறேன்.